ஒரு ஹோஸ்டில் ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட் மூன்று ஹோஸ்டில் ஏன் குழம்புகிறது?

வாசகர் கேள்வி, 2025 மே 17

எங்களிடம் விசென்டர் (பல ஹோஸ்ட்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) இல்லாமல் தனித்தனியே நிற்கும் மூன்று இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்கள், அதாவது விஎம்வேரின் மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் சேர்வர்கள், உள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள வி.எம்.களுக்கு (மெய்நிகர் கணினிகளுக்கு) இரவில் ஸ்னாப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்க, விஎம்வேருக்கான பவர்ஷெல் கட்டளைத் தொகுப்பான பவர்சிஎல்ஐயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த ஹோஸ்டிலும் தனியாக ஓட்டினால் பிழை வருவதில்லை. மூன்றின் பெயரையும் பட்டியலாகக் கொடுத்தால், முதல் ஹோஸ்டில் வேலை சரியாக முடிகிறது. இரண்டாவதின் முறை வரும்போது முதல் ஹோஸ்டின் வி.எம்.களுக்கும் மறுபடி ஸ்னாப்ஷொட் எடுபடுகிறது; மூன்றாவதில் ஒரே பெயரில் பல பொருள்கள் கிடைத்ததாகப் பிழைச்செய்தி வருகிறது. பவர்சிஎல்ஐ பல ஹோஸ்ட்களுக்கு ஏற்றதில்லை, விசென்டர் வாங்காமல் இது நடவாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணம் சொல்லவும்.

மே 17, பின்னேரம்

மறுக்கிறேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்தின் சேர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், இதே அமைப்பை விசென்டர் இல்லாமலே ஓட்டி வருகிறேன்.

கனெக்ட்-விஐசேர்வர் என்ற கட்டளை ஒவ்வொரு முறையும் ஒரு புதிய இணைப்பைத் திறக்கிறது, பழையதை மூடுவதில்லை. திறந்திருக்கும் இணைப்புகள் எல்லாம் டிஃபோல்ட்விஐசேர்வர்ஸ் என்ற பொது மாறியில் சேர்ந்துகொண்டே போகும். இயக்கமுறை ‘மல்டிப்பிள்’ என்று இருந்தால், சேர்வர் என்ற பராமீற்றர் (எந்த ஹோஸ்டில் ஓட வேண்டும் என்று கட்டளைக்குச் சொல்லும் விவரம்) கொடுக்காத எந்தக் கட்டளையும் அந்த மாறியில் உள்ள எல்லா ஹோஸ்ட்களிலும் ஓடும். ஆகவே உங்கள் லூப்பின் (ஹோஸ்டுக்கு ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின்) முதல் சுற்றில், வி.எம்.களைப் பட்டியலிடும் கெட்-விஎம் ஒரு ஹோஸ்டைக் கேட்டது, இரண்டாம் சுற்றில் இரண்டைக் கேட்டது, மூன்றாம் சுற்றில் மூன்றையும் கேட்டது. கேட்டதற்குச் சரியான பதிலையே அது தந்திருக்கிறது.

ஒவ்வொரு கட்டளைக்கும் சேர்வர் பராமீற்றரைக் கொடுங்கள். சுற்றின் முடிவில் டிஸ்கனெக்ட்-விஐசேர்வர் கொடுங்கள். இயக்கமுறையைச் ‘சிங்கிள்’ என்று மாற்றிவிட்டாலும் தீரும் என்று சிலர் சொல்வார்கள். அப்போது கடைசியாகத் திறந்த ஹோஸ்ட் மட்டுமே இயல்பு ஹோஸ்டாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பழைய இணைப்புகள் பின்னால் திறந்தே கிடக்கும். அதைவிட முக்கியமாக, ஸ்கிரிப்டின் பொருள் அது ஓடும் கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறுவதை நான் விரும்புவதில்லை. உங்கள் கணினியில் ஒருவிதமாகவும் பக்கத்து மேசைத் தம்பியின் கணினியில் வேறுவிதமாகவும் ஓடும் ஸ்கிரிப்டை யாரும் பழுதுபார்க்க முடியாது.

மே 17, இரவு

மூன்றாவது ஹோஸ்டில் வந்த பிழைச்செய்தி பற்றி எழுத விட்டுப்போயிற்று. இஎஸ்எக்ஸ்ஐயைப் புதிதாக நிறுவும்போது உள்ளக வட்டில் உருவாகும் சேமிப்பிடத்திற்கு ‘டேட்டாஸ்டோர்1’ என்ற பெயரே விழும். மூன்று ஹோஸ்டையும் பெயர் மாற்றாமல் நிறுவியிருந்தால் உங்களிடம் மூன்று டேட்டாஸ்டோர்1 இருக்கின்றன. விசென்டரில் சேர்த்தால் அது தானாகவே அடைப்புக்குறிக்குள் எண் போட்டு வேறுபடுத்திவிடும். தனி ஹோஸ்ட்களில் அந்தக் காவல் இல்லை. இன்றைக்கே பெயர்களை மாற்றிவிடுங்கள். வி.எம். பெயர்களில் சதுர அடைப்புக்குறி இருந்தால் அதையும் நீக்குங்கள். பவர்சிஎல்ஐ அதைத் தேடல் குறியாக எடுத்துக்கொண்டு, கண்முன் இருக்கும் வி.எம். இல்லை என்று சொல்லும்.

மே 24

கேள்வி கேட்டவர், சேர்வர் பராமீற்றர் கொடுத்த பிறகும் இரண்டாவது ஹோஸ்ட் நின்றுபோயிருந்த ஓர் இரவில் முதல் ஹோஸ்டுக்கே இரண்டு முறை ஸ்னாப்ஷொட் எடுபட்டதாக எழுதியிருக்கிறார். இந்த இழையின் மிகப் பயனுள்ள கேள்வி இது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

இணைப்பு தோற்கும்போது இரண்டில் ஒன்று நடக்கலாம். முதலாவது, பிழை அந்த வரியின் ஓட்டத்தை முறிக்கும் வகையாக இருந்தால், சமக்குறிக்கு இடப்புறம் உள்ள மாறிக்குப் புதிய மதிப்புப் போய்ச் சேராது; அதில் முந்திய சுற்றின் மதிப்பு, அதாவது முதல் ஹோஸ்டின் இணைப்பு, அப்படியே இருக்கும். இரண்டாவது, பிழை முறிக்காத வகையாக இருந்தால் மாறி வெறுமையாகும். வெறுமையான மாறியைச் சேர்வர் பராமீற்றருக்குக் கொடுத்தால் கட்டளை நின்றுவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். பவர்சிஎல்ஐ அப்படிச் செய்வதில்லை. வெறுமையைக் கொடுத்தால் இயல்பு ஹோஸ்ட்களில் ஓடுவேன் என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. எந்த வழியால் போனாலும் தவறான ஹோஸ்டில்தான் போய் முட்டுகிறோம்.

ஆகையால் லூப்பின் முதல் வரியில் அந்த மாறியை நீங்களே வெறுமையாக்குங்கள். இணைக்கும் கட்டளைக்கு எரர்ஆக்ஷன் ஸ்டொப் (பிழை வந்தால் நில் என்ற அமைப்பு) கொடுத்து, அதைப் பிழையைப் பிடிக்கும் டிரை-கேச் பகுதிக்குள் வையுங்கள். எரர்ஆக்ஷன் ஸ்டொப் இல்லாவிட்டால் முறிக்காத வகைப் பிழைகள் கேச் பகுதியைத் தொடாமலே போய்விடும். டிரை-கேச் போட்டிருக்கிறேன், ஆனாலும் பிடிக்கவில்லை என்று கதைப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள். கேச் பகுதியில் ஹோஸ்டின் பெயரையும் நேரத்தையும் கோப்பில் எழுதிவிட்டு அடுத்த ஹோஸ்டுக்குத் தாவுங்கள். அதன் பின்பும், வேலையைத் தொடங்குமுன், மாறியில் உள்ள இணைப்பின் பெயரும் இந்தச் சுற்றின் ஹோஸ்ட் பெயரும் ஒன்றுதானா என்று ஒரு வரியில் ஒப்பிடுங்கள். அந்த ஒரு வரி மிகையாகத் தெரியலாம். என்னிடமுள்ள எந்த ஸ்கிரிப்டிலிருந்தும் அதை எடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தால் ஆறுதல் அடைய வேண்டும் என்று எங்கள் நிலையத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வேன். தவறான ஹோஸ்டில் சரியாக முடிந்த வேலை எந்த நிறத்திலும் எழுத்துக் காட்டாது.

மே 25

மேலே ‘அடுத்த ஹோஸ்டுக்குத் தாவுங்கள்’ என்றதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஃபோர்ஈச் என்ற சொல்லால் தொடங்கும் லூப்பில், அடுத்த சுற்றுக்குத் தாவச் சொல்லும் கன்ரினியூ சரியாக வேலை செய்யும். குழாய்க்குறிக்குப் பின் ஃபோர்ஈச்-ஒப்ஜெக்ட் போட்டு எழுதியிருந்தால் கன்ரினியூ அடுத்த சுற்றுக்குப் போகாது. சத்தமில்லாமல் முழு ஓட்டத்தையும் முடித்துவிடும். அங்கே ரிட்டேர்ன் எழுத வேண்டும்.

ஜூன் 8

வேறொருவர், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மூன்று ஹோஸ்டும் மறுப்பதாக எழுதியிருக்கிறார். கடவுச்சொல்லில் டொலர் குறி இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்றார்.

இரட்டை மேற்கோளுக்குள் டொலர் குறி வந்தால் அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பவர்ஷெல் மாறியின் பெயராக எடுத்து, அப்படி ஒரு மாறி இல்லாததால் அவ்விடத்தில் வெறுமையை இடும். ஹோஸ்டுக்குப் போய்ச் சேர்வது அரைக் கடவுச்சொல். ஒற்றை மேற்கோள் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதே தவறு என்ற வாதத்தைச் சற்றுப் பின்னே எடுக்கிறேன்.

அவருடைய தொல்லை அத்துடன் முடியவில்லை. மேற்கோளை மாற்றிய பிறகும் மறுப்பு வந்திருக்கிறது. இஎஸ்எக்ஸ்ஐ 7 இலும் 8 இலும், மாற்றாமல் விட்டால், 5 முறை தவறான கடவுச்சொல் வந்தவுடன் கணக்கு 15 நிமிடம் பூட்டப்படும். அந்த 15 நிமிடத்தில் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் கடவுச்சொல் பிழை என்றே பதில் வரும். பூட்டியிருக்கிறேன் என்று அது சொல்லாது. பதற்றத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர், தான் திருத்தியது சரியாக இருந்தும் அதை நம்பாமல் மறுபடி கெடுத்துக்கொள்கிறார். ஹோஸ்டின் முன்னால் போய் நின்று, அதனுடன் இணைத்த திரையில் மஞ்சளும் சாம்பலுமாகத் தெரியும் முகப்பில் நுழைந்து பாருங்கள். அந்த வாசலுக்கு இந்தப் பூட்டு இல்லை. அங்கே நுழைய முடிந்தால் கடவுச்சொல் சரி, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து ஸ்கிரிப்டை ஓட்டலாம்.

ஜூன் 21

இது தமிழில் செய்தி காட்ட விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஆங்கிலத்தில் தேடினால் இந்தக் கோணத்தில் எழுதியவர் எவரும் அகப்படவில்லை, அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் இரவுப் பணியாளருக்கு விளங்கட்டும் என்று ஸ்கிரிப்டின் செய்திகளைத் தமிழில் வைத்தோம். ‘வேலை முடிந்தது’ என்று எழுதியபோது ஸ்கிரிப்ட் ஓடியது, திரையில் எழுத்து மட்டும் குப்பையாகத் தெரிந்தது. அதையே ‘ஓட்டம் முடிந்தது’ என்று மாற்றியதும் ஸ்கிரிப்ட் தொடங்கவே மறுத்து, பல வரிகளுக்கு அப்பால் மேற்கோள் மூடப்படவில்லை என்றது. ஒரு சொல்லை மாற்றியதற்கு இவ்வளவு கோபம் ஏன் என்று பைட் பைட்டாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் 5.1, தலைப்பில் அடையாளக் குறி இல்லாத யூடிஎஃப்-8 கோப்பைக் கண்டால் அதைக் கணினியின் பழைய குறியேற்றத்தில் வாசிக்கும். எங்கள் ஆங்கில விண்டோஸில் அது விண்டோஸ்-1252. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் மூன்று பைட். ‘ஓ’ என்ற எழுத்தின் மூன்றாம் பைட் பதினறும எண்முறையில் 93. விண்டோஸ்-1252 இல் 93 என்பது வளைந்த இரட்டை மேற்கோள். வளைந்த மேற்கோளையும் நேர் மேற்கோளையும் பவர்ஷெல் ஒன்றாகவே நடத்தும். ஆகவே ‘ஓ’ வந்த இடத்தில் வாக்கியம் மூடப்பட்டு, மிச்சமெல்லாம் கட்டளையாக வாசிக்கப்படுகிறது. ‘ஔ’ வும் அப்படியே, அதன் கடைசி பைட் 94. ‘வேலை முடிந்தது’ என்பதில் இந்த எழுத்துகள் இல்லாததால் அது தப்பித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் வேர்ட் கோப்பிலிருந்து நகலெடுத்த ‘என் டாஷ்’ என்னும் கோட்டினால் இதே தொல்லை வரும், ஏனெனில் அதன் கடைசி பைட்டும் 93.

தீர்வு எளிது: கோப்பைச் சேமிக்கும்போது பொம் என்னும் அடையாளக் குறியுடன் கூடிய யூடிஎஃப்-8 ஐத் தேர்ந்தெடுங்கள், அல்லது பவர்ஷெல் 7 க்கு மாறுங்கள். விஎஸ் கோடும், விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல் நோட்பேடும், தாமாக அந்தக் குறி இல்லாமலே சேமிக்கின்றன என்பதை நினைவில் வைக்கவும். நோட்பேடில் நேற்று வரை ஓடியது என்ற வாதம் கணினி மாறியவுடன் செல்லாது.

ஜூன் 22

ஒற்றை மேற்கோளுக்கு மாறினால் தப்பலாமே என்று கேட்கிறார்கள். ‘ஓ’ விடமிருந்து தப்பலாம். ஒற்றை மேற்கோளுக்கு எதிரி ‘ஒ’ வும், ஊகாரக் குறியும். ஊகாரக் குறியின் கடைசி பைட் 82. அது தாழ்ந்து நிற்கும் ஒற்றை மேற்கோள், பவர்ஷெல் அதையும் விடுவதில்லை. ஒற்றை மேற்கோளுக்குள் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதலாம், ‘நூலகம்’ என்று எழுத முடியாது. எந்த எழுத்து ஆபத்தானது என்று மனப்பாடம் செய்வதைவிடச் சேமிக்கும் முறையை மாற்றுவது நல்லது.

ஹாஷ் (#) குறியில் தொடங்கும் குறிப்பு வரிகளில் எதை எழுதினாலும் ஓட்டம் கெடாது என்று இன்னொருவர் சொல்லியிருப்பது சரி.

ஜூலை 13

கையால் ஓட்டினால் ஓடுகிறது, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் ஓடுவதில்லை என்பவர்களுக்கு. கடவுச்சொல்லை எக்ஸ்போர்ட்-கிளிஎக்ஸ்எம்எல் மூலம் கோப்பில் வைப்பது நல்ல பழக்கம். ஆனால் விண்டோஸில் அந்தக் கோப்பை எழுதிய பயனர் எழுதிய கணினியில் மட்டுமே திறக்க முடியும். உங்கள் பெயரில் எழுதி, சிஸ்டம் கணக்கில் ஓடும் பணிக்குக் கொடுத்தால் அது திறவாது. பணி எந்தக் கணக்கில் ஓடுமோ அந்தக் கணக்கில் நுழைந்து கோப்பை எழுதுங்கள்.

ஓடத் தொடங்கி முடிவில்லாமல் தொங்கினால், எங்கோ ஒரு கட்டளை ‘நிச்சயமா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறது. டிஸ்கனெக்ட்-விஐசேர்வர் அப்படிக் கேட்கும் ரகம். கொன்ஃபேர்ம் பராமீற்றருக்குப் பொய் என்ற மதிப்பைக் கொடுங்கள்.

ஓகஸ்ட் 10

நல்லூர்த் திருவிழாவுக்கு வீதிகள் மூடப்பட்டிருப்பதால் நிலையத்துக்குப் போய்வரச் சுற்றுப்பாதை. பதில் எழுதத் தாமதம்.

யூ.பி.எஸ். பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை போன மின்வெட்டுக்குப் பிறகும், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்ன இவ்வாண்டு பெப்ரவரி 9 க்குப் பிறகும், மின்சாரம் நின்றவுடன் எல்லா வி.எம்.களையும் எல்லா ஹோஸ்ட்களையும் வரிசையாக அணைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இங்கே எவருக்கும் தேவைப்படுகிறது. பல ஹோஸ்ட் ஸ்கிரிப்ட்களில் இதுவே மிகவும் கடினமானது, ஏனெனில் தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டும் வேலை இது.

கேட்டவரின் முறைப்பாடு: முதல் ஹோஸ்ட் அணைகிறது, இரண்டாவதும் மூன்றாவதும் ‘பெயர் கண்டுபிடிக்கப்படவில்லை’ என்கின்றன. பகலில் சோதித்தால் பெயர்கள் ஒழுங்காகக் கிடைக்கின்றன. பெயரை முகவரியாக மாற்றித் தரும் அவருடைய டிஎன்எஸ் சேர்வர் முதல் ஹோஸ்டுக்குள் ஒரு வி.எம். ஆக இருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை அணைத்த கணத்திலிருந்து மற்ற இரண்டு ஹோஸ்ட்களின் பெயரையும் எவரும் அறியார். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மூன்று பெயரையும் முகவரியுடன் எழுதிவிடுங்கள், டிஎன்எஸ் வி.எம். ஐ வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள். முடிந்தால் மூன்று இணைப்பையும் தொடக்கத்திலேயே திறந்து வைத்துக்கொண்டு அணைக்கத் தொடங்குங்கள். மே மாதத்தில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இணைப்பை மூடச் சொன்னேன்; இந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. சேர்வர் பராமீற்றர் கொடுக்க வேண்டும் என்பது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும்.

ஸ்கிரிப்ட் ஓடும் கணினியும் இந்த ஹோஸ்ட்களுக்குள் ஒரு வி.எம். ஆக இருந்தால், அது தன்னையே அணைத்துவிட்டு மிச்ச வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் போய்விடும். சிரிக்க வேண்டாம், பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஸ்டொப்-விஎம்கெஸ்ட் உள்ளே இருக்கும் இயங்குதளத்திடம் ‘அணைந்துகொள்’ என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும், அணைந்ததா என்று நின்று பார்ப்பதில்லை. அடுத்த வரியில் ஸ்டொப்-விஎம்ஹோஸ்ட் கட்டளையை ஃபோர்ஸுடன் போட்டால், பாதியில் நிற்கும் தரவுத்தளத்தின் மேல் மின்சாரம் போனதுபோலத்தான். வி.எம்.களின் நிலையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பார்க்கும் ஒரு லூப்பும், யூ.பி.எஸ். தாங்கும் நேரத்தை மீறாத ஒரு காலவரம்பும் இடையில் வேண்டும். வி.எம். உள்ளே நிறுவும் விஎம்வேர் டூல்ஸ் ஓடாவிட்டால் ஸ்டொப்-விஎம்கெஸ்ட் கட்டளையே அந்த வி.எம்.களுக்குப் பிழை தரும். அவற்றை முன்கூட்டியே தனிப் பட்டியலாக எடுத்துவையுங்கள்.

செப்டெம்பர் 6

ஸ்கிரிப்ட் அதிகாலை 2 மணிக்கு ஓடியது, ஆனால் ஹோஸ்டின் லொக் கோப்பில் 2 மணிக்கு ஒன்றுமே இல்லை என்ற குறிப்புக்கு: இஎஸ்எக்ஸ்ஐ லொக் எழுதுவது யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில். எங்கள் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து, முதல் நாள் இரவு 8.30 இல் பாருங்கள்.

ஒக்டோபர் 12

தொடக்கத்துக் கருத்துக்குத் திரும்புமாறு ஒருவர் கேட்டிருக்கிறார்: விசென்டர் இருந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா? இணைப்பு ஒன்றாக இருந்திருக்கும், டேட்டாஸ்டோர் பெயர்கள் மோதியிருக்கமாட்டா, ஒரே கடவுச்சொல் போதும். டொலர் குறி, தமிழ் எழுத்து, ஷெட்யூலர், டிஎன்எஸ் ஆகியவற்றில் எதுவும் மாறியிராது. விசென்டரே ஒரு வி.எம். ஆக இருப்பதால் அணைக்கும் ஸ்கிரிப்ட் மேலும் சிக்கலாகியிருக்கும். மே மாதத்தில் அடியோடு மறுத்தேன். இப்போது, ஹோஸ்ட்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டு போனால் பெயர் மோதல் ஒன்றுக்காகவே அதை விரும்புவேன் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறேன்.

பல கணினிகளில் ஒரே வேலையைத் தானாக ஓட்டும் கருவியான அன்சிபிள் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு ஹோஸ்ட் தோற்றால் அதை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைத் தொடர்வது அதன் இயல்பு என்பது நல்ல விடயம். விஎம்வேருக்கான மொடியூல்கள் பெரும்பாலும் உங்கள் கணினியிலிருந்தே ஓடுவதால், மூன்று ஹோஸ்டையும் இன்வென்ரறி என்ற அதன் ஹோஸ்ட் பட்டியலில் தனித்தனியே எழுதாமல் ஒரு பணிக்குள் லூப்பாகப் போட்டால் அந்த நன்மை கிடைக்காது.

உரிமம் பற்றியும் ஒரு சொல். இலவச உரிமத்தில் உள்ள ஹோஸ்ட் நிலைவரங்களை வாசிக்க விடும், மாற்ற விடாது. ‘இந்த உரிமம் இச்செயலை அனுமதிக்கவில்லை’ என்று வரும் செய்தியை ஸ்கிரிப்டின் பிழையாக நினைத்துப் பொழுதைக் கழிக்க வேண்டாம். விஎம்வேரின் உரிமையாளரான பிராட்கொம் 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பை நிறுத்தி, இவ்வாண்டு ஏப்ரலில் 8.0 அப்டேட் 3ஈ உடன் திரும்பக் கொண்டுவந்ததால், மூன்று ஹோஸ்டில் ஒன்று மட்டும் இந்த உரிமத்தில் இருக்கும் கலவைகள் இப்போது தென்படுகின்றன. இஎஸ்எக்ஸ்ஐ 7.0 இன் பொது ஆதரவு இம்மாதம் 2 ஆம் திகதி முடிந்துவிட்டதால் பதிப்புக் கலவையும் கூடும். லூப்பின் தொடக்கத்தில் ஒவ்வொரு ஹோஸ்டின் பதிப்பையும் உரிமத்தையும் கோப்பில் எழுதவைத்தால் எது எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

ஒக்டோபர் 13

பவர்ஷெல் 7 இன் பரலல் வசதியால் மூன்று ஹோஸ்டையும் ஒரே நேரத்தில் ஓட்டலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: ஓட்டலாம், மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 5 வரை ஓடும். வெளியே திறந்த இணைப்பு உள்ளே இயல்பாகத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் இணைப்பைத் தானே திறந்து மூட வேண்டும். மூன்றின் செய்திகளும் திரையில் கலந்து வரும். ஒவ்வொரு வரியின் முன்னும் ஹோஸ்டின் பெயரை எழுதுங்கள்.